தருமபுரி, கிருஷ்ணகிரி மாணவர்களுக்கு: அரசியல் அறிவியலும் சர்வதேச உறவுகளும் படிக்க முழுமையான வழிகாட்டி

"பாலிடிக்ஸ் படிக்கப் போறேன்" என்று நம் பக்கத்தில் ஒரு பிள்ளை சொன்னால், வீட்டில் வரும் முதல் கேள்வி "எந்தக் கட்சியில சேரப் போற?" என்பதுதான். அடுத்தது "படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" முதல் கேள்வியைச் சிரித்துக் கடந்துவிடலாம். இரண்டாவதற்கு ஒழுங்கான பதில் வேண்டும்.

என் பதில் இது: இந்தப் பட்டம் தானாக எந்த வேலையையும் வாங்கித் தராது. நாற்பது பக்க அரசு ஆவணத்தைப் படித்து, அதில் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று ஒரே பக்கத்தில் தெளிவாக எழுதும் திறமையை அது தரும். அந்தத் திறமை கைக்கு வந்தவர்களுக்கு வழி பல. பட்டத்தை மட்டும் வாங்கி வந்தவர்களுக்குக் கஷ்டம்தான். அதனால் எந்தக் கல்லூரி என்பதைவிட, சேர்ந்த பிறகு எப்படிப் படிக்கிறீர்கள் என்பதற்குத்தான் கீழே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

படி 1: படிப்புக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

பாடத்திட்டம் கல்லூரிக்குக் கல்லூரி மாறினாலும் தூண்கள் ஐந்துதான்: அரசியல் கோட்பாடு, இந்திய அரசியலமைப்பும் அரசியலும், ஒப்பீட்டு அரசியல், பொது நிர்வாகம், சர்வதேச உறவுகள். பெயர்களைக் கேட்டால் ஒன்றும் பிடிபடாது. நமக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை எடுத்துப் பார்க்கலாம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறையும் வளைந்த கால்களும் நம் ஊர்களில் பலர் பார்த்து வளர்ந்தவை. அதற்குத் தீர்வாக வந்தது ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். ஜப்பான் அரசின் வளர்ச்சி உதவி நிறுவனமான ஜைக்காவின் கடனில் நடந்த திட்டம் இது. 2008இல் கர்நாடகத்தில் இதை எதிர்த்துப் பெரிய போராட்டங்கள் நடந்தன. 2013இல் திட்டம் பயன்பாட்டுக்கு வந்தது.

இந்த ஒரே குழாயை ஐந்து பாடமும் ஐந்து விதமாகப் பார்க்கும். சுத்தமான தண்ணீர் உரிமையா, அரசு காட்டும் சலுகையா என்று கோட்பாடு கேட்கும். அரசியலமைப்புப் பாடம், எந்த அதிகாரம் ஒன்றியத்துக்கு, எது மாநிலத்துக்கு என்று பிரிக்கும் ஏழாவது அட்டவணையைத் திறக்கும்: தண்ணீர் மாநிலப் பட்டியலில் 17ஆவது இனம், மாநிலங்களுக்கு இடையிலான நதிகள் ஒன்றியப் பட்டியலில் 56ஆவது இனம், தகராறுக்குச் சட்டப்பிரிவு 262. குடிநீர் வடிகால் வாரியம் கொண்டுவரும் தண்ணீரை ஊராட்சி எப்படிப் பிரித்துக் கொடுக்கிறது, கடைசித் தெருவுக்கு ஏன் வருவதில்லை என்று பொது நிர்வாகம் தேடிப் போகும். வேறு நாடுகளில் இரண்டு மாகாணங்கள் ஒரு ஆற்றை எப்படிப் பங்கிடுகின்றன என்பது ஒப்பீட்டு அரசியல். கடைசியாகச் சர்வதேச உறவுகள் கேட்பது: டோக்கியோவில் இருப்பவர்கள் பென்னாகரத்துக்குத் தண்ணீர் வர எதற்காகக் கடன் கொடுக்க வேண்டும்? அந்தக் கேள்விக்குள் ஜப்பானின் வெளியுறவுக் கொள்கை, சீனாவோடு அதற்கு இருக்கும் போட்டி, இந்தியாவோடு அது விரும்பும் நெருக்கம் எல்லாம் இருக்கின்றன.

இதைப் படிக்கும்போது "அட, மேலே சொல்லுங்க" என்று தோன்றினால் இந்தப் படிப்பு உங்களுக்கானது. தலைவர்களின் பேச்சும் தேர்தல் பரபரப்பும் மட்டும்தான் பிடிக்கும் என்றால் யோசியுங்கள். வகுப்பில் அது குறைவு, வாசிப்பு நிறைய.

படி 2: +2இல் எந்தக் குரூப் என்பதற்காகக் கவலைப்படாதீர்கள்

மாநிலப் பாடத்திட்டத்தில் அரசியல் அறிவியல் +1, +2 பாடமாகவே இருக்கிறது. ஆனால் நம் பக்கத்துப் பள்ளிகளில் அந்தக் குரூப் கிடைப்பது அரிது. பரவாயில்லை. பி.ஏ. அரசியல் அறிவியலில் சேர அந்தப் பாடம் படித்திருக்க வேண்டும் என்று பெரும்பாலான இடங்களில் கட்டாயம் கிடையாது. உயிரியல் குரூப், வணிகவியல் குரூப் படித்தவர்களும் சேர்கிறார்கள்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். தமிழ்நாடு அரசின் +1, +2 அரசியல் அறிவியல் புத்தகங்கள் தமிழிலேயே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. +2 புத்தகத்தில் சர்வதேச உறவுகள் பற்றிய பாடங்களை ஒரு விடுமுறையில் படித்துவிட்டு, புத்தகத்தை மூடிவைத்து, புரிந்ததை ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். எழுத வராவிட்டால் பயப்பட வேண்டாம், அது பழக்கத்தில் வரும். படிக்கவே பிடிக்கவில்லை என்றால் இப்போதே தெரிந்துகொண்டது நல்லது.

படி 3: தமிழ்வழியா, ஆங்கிலவழியா?

இதை மற்ற எதையும்விட முதலில் முடிவு செய்ய வேண்டும். பலர் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் இந்தக் கணக்கைக் கேள்விப்படுகிறார்கள்.

தமிழ்நாடு அரசுப் பணிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை இருக்கிறது. பிஎஸ்டிஎம் என்று சொல்வது இதைத்தான். 2010இல் வந்த சட்டம் 2020இல் திருத்தப்பட்டது. திருத்தத்துக்குப் பிறகு, அந்தப் பணிக்கான கல்வித்தகுதி வரை, அதாவது பட்டம் கேட்கும் பணி என்றால் ஒன்றாம் வகுப்பிலிருந்து பட்டம் வரை, முழுதும் தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். அரூரிலோ ஊத்தங்கரையிலோ அரசுப் பள்ளியில் +2 வரை தமிழில் படித்த மாணவி, பி.ஏ. ஆங்கிலவழியில் சேர்ந்தால் குரூப் 1 போன்ற பட்டப்படிப்புப் பணிகளுக்கான பிஎஸ்டிஎம் கையைவிட்டுப் போகும். பத்தாம் வகுப்பு தகுதியுள்ள பணிகளுக்கு அது பாதிக்காது.

மறுபக்கத்தையும் பாருங்கள். சர்வதேச உறவுகள் துறையில் முதுகலைக்கு மேலே போனால், வாசிக்க வேண்டியதில் பெரும்பகுதி ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழகங்களில் தமிழ்வழி கிடையாது.

என் யோசனை: டிஎன்பிஎஸ்சிதான் குறி, மாநிலத்தை விட்டு வெளியே போகும் எண்ணம் இல்லை என்றால் தமிழ்வழி எடுங்கள், கூடவே ஆங்கில வாசிப்பைத் தனியாக வளர்த்துக்கொள்ளுங்கள். ஆராய்ச்சி, வெளியுறவு, இதழியல், சிந்தனைக் குழாம் (கொள்கை ஆய்வு நிறுவனம்) என்று மனம் போனால் ஆங்கிலவழி. யுபிஎஸ்சி இதில் சேராது. எந்த வழியில் படித்தாலும் முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம், ஆங்கிலத்திலும் எழுதலாம். ஆங்கிலத் தகுதித்தாளையும் ஓர் இந்திய மொழித் தகுதித்தாளையும் மட்டும் எப்படியும் தேற வேண்டும்.

படி 4: இளநிலையில் எந்தப் பட்டம்?

இளநிலையில் அரசியல் அறிவியல், முதுகலையில் சர்வதேச உறவுகள். இந்த வரிசைதான் பாதுகாப்பானது. பதினேழு வயதில் "இன்டர்நேஷனல்" என்ற பெயருக்காகவே லட்சக்கணக்கில் கட்டித் தனியார் பல்கலைக்கழகத்தில் சேர்பவர்களைப் பார்க்கிறேன். அரசுத் தேர்வாணையங்கள் ஆசிரியர் பணிக்கு ஆள் எடுக்கும்போது பட்டத்தின் பெயர் பொருந்துகிறதா, இரண்டு பட்டமும் சமம் என்று சொல்லும் இணைத்தன்மை அரசாணை உண்டா என்று பார்க்கும். புதுமையான பெயருள்ள பட்டம் அங்கே தலைவலி கொடுக்கும். 'அரசியல் அறிவியல்' என்ற பெயருக்கு அந்தத் தொல்லை இல்லை.

இன்னொரு வழியும் உண்டு, பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில், அதாவது ஜேஎன்யூவில், ரஷ்யன், சீனம், ஜப்பான், கொரியா, அரபு, பாரசீகம் போன்ற மொழிகளில் பி.ஏ. ஆனர்ஸ் இருக்கிறது. மொழியில் இளநிலை முடித்துவிட்டு அந்த நாட்டின் அரசியலில் முதுகலை போகலாம். நம் ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் தெலுங்கு, கன்னடம், உருது, தமிழ் என்று நான்கு மொழிக்கு நடுவில் வளர்கிறார்கள். புது மொழிக்குக் காது கொடுக்க அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. உருது எழுத்து தெரிந்தவர்களுக்குப் பாரசீகமும் அரபும் இன்னும் கிட்டே.

படி 5: எங்கே சேர்வது?

*வீட்டிலிருந்து.* தருமபுரி, கிருஷ்ணகிரி கல்லூரிகள் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு டிஎன்காசா இணையதளத்தில் ஒரே விண்ணப்பம். எந்தக் கல்லூரியில் எந்தப் பாடப்பிரிவு, எந்த வழி என்பது அதிலேயே இருக்கும். அந்த வருடத்துப் பட்டியலைப் பாருங்கள், அக்கம்பக்கத்தில் கேட்டதை நம்ப வேண்டாம். பக்கத்தில் அரசியல் அறிவியல் இல்லை, வெளியூர் அனுப்ப வீட்டில் முடியாது என்றால் வரலாறு, பொருளியல், ஆங்கிலம் இதில் ஒன்றை நன்றாகப் படியுங்கள். முதுகலை அரசியல் அறிவியலுக்கும் சர்வதேச உறவுகளுக்கும் வேறு பட்டம் படித்தவர்களையும் பல மத்தியப் பல்கலைக்கழகங்கள் எடுக்கின்றன. வரலாறு படித்துவிட்டு இங்கே வருவது நல்ல அடித்தளம் என்றே சொல்வேன்.

*சென்னை.* மாநிலக் கல்லூரி, தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இரண்டிலும் அரசியல் அறிவியல் துறைகள் பழையவை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் அரசியல் மற்றும் பொது நிர்வாகத் துறை முதுகலைக்கு.

*பெங்களூரு.* ஓசூர்க்காரர்களுக்குச் சென்னையைவிடப் பக்கம். செயின்ட் ஜோசப்ஸ், கிறைஸ்ட் போன்ற இடங்களில் துறை வலுவானது, ஆனால் கட்டணம் அதிகம். தினம் போய்வரலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் அத்திப்பள்ளி, பொம்மசந்திரா நெரிசலையும் கணக்கில் சேர்க்கவும்.

*புதுச்சேரி, ஐதராபாத், கேரளம்.* புதுவைப் பல்கலைக்கழகத்தில் அரசியல் மற்றும் சர்வதேச ஆய்வுகள் துறை முதுகலைக்கு நல்ல தேர்வு. நமக்கு எட்டும் தூரம், மத்தியப் பல்கலைக்கழகக் கட்டணம். ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் +2 முடித்ததும் ஐந்து வருட ஒருங்கிணைந்த முதுகலை உண்டு, அரசியல் அறிவியல் அதில் ஒரு பிரிவு. காசர்கோட்டில் கேரள மத்தியப் பல்கலைக்கழகத்தில் சர்வதேச உறவுகள் முதுகலை.

*டெல்லி.* இளநிலைக்கு டெல்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகள். முதுகலைக்கு ஜேஎன்யூவின் சர்வதேச ஆய்வுப் பள்ளி; 1955இல் தனி நிறுவனமாகத் தொடங்கி 1970இல் ஜேஎன்யூவோடு இணைந்தது. இந்தத் துறையை இந்தியாவில் வளர்த்ததே அதுதான். ஜேஎன்யூவின் கல்விக் கட்டணம் ஆண்டுக்குச் சில நூறு ரூபாய்தான், விடுதியும் மலிவு. பெங்களூரில் தனியார் கல்லூரி விடுதியில் இருப்பதைவிடச் செலவு குறைவு. டெல்லி என்றால் பணக்காரர்களுக்கு என்று வீட்டில் நினைத்தால் இந்தக் கணக்கை எழுதிக் காட்டுங்கள். ரயிலுக்குப் பெங்களூரு போய்விடுவது சுலபம். கிருஷ்ணகிரிக்கு ரயில் நிலையம் ஏன் இன்னும் வரவில்லை என்பதே ஒரு நல்ல அரசியல் அறிவியல் ஆய்வுத் தலைப்பு.

*அஞ்சல் வழி.* வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், இக்னோ எனும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இரண்டும் இருக்கின்றன. சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டு இக்னோவில் முதுகலை முடிப்பதில் தாழ்வு ஒன்றுமில்லை. விவாதம் செய்ய ஆள் இல்லாததுதான் குறை. அதைப் படி 8இல் பார்ப்போம்.

படி 6: க்யூட் தேர்வு

2022 முதல் மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைச் சேர்க்கைக்கு க்யூட் தேர்வு. தேசியத் தேர்வு முகமை, அதாவது என்டிஏ நடத்துகிறது. முக்கியமான எச்சரிக்கை: விண்ணப்பம் +2 தேர்வு முடிவுக்கு முன்னால், பெரும்பாலும் பொதுத்தேர்வு நடக்கும் காலத்துக்குள்ளேயே மூடிவிடும். "ரிசல்ட் வரட்டும், பார்க்கலாம்" என்று இருந்தால் அந்த வருடம் போச்சு.

2025இலிருந்து முழுக்கக் கணினித் தேர்வு. அதிகபட்சம் ஐந்து பாடம் எடுக்கலாம். ஒவ்வொன்றிலும் 50 கேள்வி, 60 நிமிடம். சரியான விடைக்கு 5 மதிப்பெண், தவறானதற்கு 1 குறையும். 13 மொழிகளில் எழுதலாம், தமிழும் அதில் ஒன்று.

டெல்லிப் பல்கலைக்கழக பி.ஏ. ஆனர்ஸ் அரசியல் அறிவியலுக்கு வழக்கமான சேர்க்கை ஒரு மொழித்தாளும் மூன்று துறைப் பாடமும். அந்த மொழித்தாள் ஆங்கிலமாக இருக்க வேண்டும் என்பதில்லை, தமிழாகவும் இருக்கலாம். துறைப் பாடங்கள் நீங்கள் +2இல் படித்தவைதான்: வணிகவியல் குரூப் என்றால் கணக்குப்பதிவியல், பொருளியல், வணிகப் பாடம், அறிவியல் குரூப் என்றால் இயற்பியல், வேதியியல், உயிரியல் அல்லது கணிதம். இயற்பியல் மதிப்பெண்ணை வைத்து அரசியல் அறிவியலில் சேரலாம் என்பதைச் சொன்னால் நம் ஊரில் ஆசிரியர்களே நம்புவதில்லை. சேர்க்கை விதி ஆண்டுதோறும் சற்று மாறும், அதனால் விண்ணப்பிக்கும் வருடத்துத் தகவல் குறிப்பேட்டை நீங்களே ஒருமுறை படித்துவிடுங்கள்.

கேள்விகள் என்சிஇஆர்டி பாடத்திட்டத்தை ஒட்டி வரும். மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவர்கள் உங்கள் மூன்று பாடங்களின் 12ஆம் வகுப்பு என்சிஇஆர்டி புத்தகங்களைப் பதிவிறக்கி, நம் புத்தகத்தில் இல்லாத பாடங்களை மட்டும் குறித்துக்கொண்டு படித்தால் போதும். ஆயிரக்கணக்கில் கட்டிப் பயிற்சி மையம் போகத் தேவையில்லை.

முதுகலைக்கு க்யூட் பிஜி தனித் தேர்வு, 75 கேள்வி.

படி 7: சான்றிதழ்கள், இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்

நம் மாவட்டங்களில் பெரும்பாலோரிடம் எம்பிசி அல்லது பிசி என்று மாநில அரசு கொடுத்த சாதிச் சான்றிதழ் நிரந்தர அட்டையாக இருக்கும். மத்தியப் பல்கலைக்கழகத்தில் அது செல்லாது. அங்கே கேட்பது மத்திய அரசின் படிவத்தில் உள்ள ஓபிசி சான்றிதழ். வளமான பிரிவினர் (கிரீமி லேயர்) அல்லர் என்ற வரி அதில் இருக்க வேண்டும். மத்திய அரசின் பட்டியலில் உங்கள் சாதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, தாசில்தாரிடம் வாங்க வேண்டும். எம்பிசி என்று தனி ஒதுக்கீடு மத்தியில் கிடையாது. எல்லாரும் 27 விழுக்காடு ஓபிசிக்குள்தான்.

வருமான உச்சவரம்பு எட்டு லட்சம். ஆனால் அந்தக் கணக்கில் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. மாந்தோப்பு வைத்திருக்கும் அப்பா "நமக்கெல்லாம் கிடைக்காது" என்று சொல்லிவிட்டதால் விண்ணப்பிக்காமல் இருக்க வேண்டாம். அப்பா, அம்மா எந்தப் பதவியில் இருக்கிறார்கள் என்பதைத் தனியாகப் பார்ப்பார்கள்.

இந்தச் சான்றிதழை அந்தந்த நிதியாண்டுக்குப் புதிதாகக் கேட்கிறார்கள், அதனால் ஏப்ரல் பிறந்ததும் விண்ணப்பியுங்கள். ஜூனில் எல்லாரும் வரிசை கட்டும்போது விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று மூன்று மேசை தாண்டி வர நாளாகும். பெயரில் ஒரு எழுத்து பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு ஒத்துவராவிட்டால் இணையதளம் கண்ணை மூடிக்கொண்டு திருப்பி அனுப்பும். அப்பா பெயரின் முதலெழுத்து முன்னாலா பின்னாலா என்பது உட்பட எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பழங்குடியினர் சான்றிதழ் தாசில்தார் கொடுப்பதில்லை, வருவாய்க் கோட்டாட்சியர்தான் கொடுக்க வேண்டும். சித்தேரி மலை, வத்தல்மலைப் பிள்ளைகள் +1 படிக்கும்போதே இந்த வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது.

பணத்துக்கு: அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டம், மாணவர்களுக்கு 2024இல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டம், இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய். பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கு உங்கள் பெயரில் உயிரோடு இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவையுங்கள்.

படி 8: சேர்ந்த பிறகு எப்படிப் படிப்பது

கைடு வாங்கி, பரீட்சைக்கு முந்தைய வாரம் மனப்பாடம் செய்து, முதல் வகுப்பில் தேறலாம். அப்படித் தேறியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். முதுகலை நுழைவுத் தேர்விலோ நேர்காணலிலோ ஒரு கேள்வியைச் சற்றுத் திருப்பிக் கேட்டால் அந்தப் படிப்பு நிற்காது.

பழக்க வேண்டியது மூலத்தை வாசிப்பது. காவிரித் தீர்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2007இல் நடுவர் மன்றம், கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு 192 டிஎம்சி விட வேண்டும் என்றது. 2018 பிப்ரவரி 16இல் உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆக்கியது. செய்தியாக இதைப் படிப்பது ஒரு நிமிட வேலை. தீர்ப்பையே திறந்து, 14.75 டிஎம்சியை எதற்காகக் குறைத்தார்கள் என்று தேடிப் போனால் பெங்களூரின் குடிநீர், தமிழ்நாட்டின் நிலத்தடி நீர் என்று இரண்டு காரணம் கிடைக்கும். அந்த இரண்டையும் ஏற்று ஒரு பக்கம், மறுத்து ஒரு பக்கம் எழுதுங்கள். தண்ணீரை அளக்கும் பிலிகுண்டுலு நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான் இருக்கிறது. டெல்லியில் இதைப் படிக்கிற மாணவனுக்கு அது வரைபடத்தில் ஒரு புள்ளி.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இருக்கும் அனுகூலம் இதுதான், அதை அவர்கள் உணர்வதில்லை. சர்வதேச உறவு என்றால் ஜெனீவா, நியூயார்க் என்று நினைக்கிறார்கள். ஆண்டு முழுவதும் எழுதிப் பழகும் அளவுக்கு விஷயம் வீட்டைச் சுற்றியே கிடக்கிறது.

மாம்பழத்தை எடுங்கள். 2025 ஜூனில் வெளிமாநிலத் தோத்தாபுரி உள்ளே வரக்கூடாது என்று சித்தூர் மாவட்ட நிர்வாகம் தடை போட்டது. கர்நாடக முதல்வர் ஆந்திர முதல்வருக்குக் கடிதம் எழுதினார். நாடு முழுவதும் வணிகம் தடையின்றி நடக்க வேண்டும் என்று சொல்லும் சட்டப்பிரிவு 301 இங்கே என்ன ஆனது? மாங்கூழ் ஏற்றுமதி வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகிறது. கப்பல் வழியில் எங்கோ சண்டை என்றால் காவேரிப்பட்டணம் மண்டியில் கிலோ விலை ஏன் ஆடுகிறது? மண்டியில் நின்று நான்கு பேரிடம் கேட்டு எழுதினால், கூகுளில் கிடைக்காத கட்டுரை உங்கள் கையில் இருக்கும்.

அகதிகளை எடுங்கள். இரண்டு மாவட்டங்களிலும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் உள்ளன. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றை மட்டுமே சொல்கிறது, இலங்கை அதில் இல்லை. முகாமில் பிறந்து உங்களோடு பள்ளியில் படித்த ஒருவர் எந்த நாட்டுக் குடிமகன்? இந்தத் துறையின் மிகக் கடினமான கேள்விகளில் ஒன்று இது. முகாமுக்குள் போய்க் கேட்க அனுமதி வேண்டும், அதைவிட அந்தக் குடும்பங்களின் சம்மதம் வேண்டும். அவர்கள் பெயரை எழுதாதீர்கள்.

வரலாறு பிடிக்குமென்றால் 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை. திப்பு சுல்தான் தோற்றுத் தன் பாதி நாட்டை விட்டுக்கொடுத்தபோது பாராமகால் என்று அழைக்கப்பட்ட நம் பகுதி கும்பினியாருக்கு, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனிக்கு, போனது. நம் தாத்தாக்களின் தாத்தாக்கள் யாருக்கு வரி கட்ட வேண்டும் என்பதை ஒரு சர்வதேச ஒப்பந்தம் ஒரே நாளில் மாற்றியிருக்கிறது. ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி 1962இல், எண்பதைத் தாண்டிய வயதில், அணு ஆயுதச் சோதனையை நிறுத்தச் சொல்லி வாஷிங்டன் போய்க் கென்னடியைச் சந்தித்தார். குலக்கல்வியில் அவரோடு சண்டை போடுபவர்களும் (நானும்தான்) இதைப் படித்துப் பார்க்க வேண்டும். அதியமானுக்காக ஔவையார் தூது போன கதையை மேடையில் எல்லாரும் சொல்கிறார்கள். அந்தத் தூது என்ன தந்திரத்தில் வேலை செய்தது என்று ஒரு பக்கம் எழுதியவர் குறைவு.

ஆங்கிலத்துக்கு என்று தனியாக ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு போவதைவிட, ஒரு ஆங்கில நாளிதழின் தலையங்கப் பக்கத்தில் ஒரே ஒரு கட்டுரையைத் தினமும் தமிழில் நூறு சொல்லில் சுருக்கி எழுதுவது பலன் தரும். ஆறு மாதத்தில் வாசிப்பு வேகம் கண்ணுக்குத் தெரியும். வெளியுறவு அமைச்சக இணையதளத்தில் கூட்டறிக்கைகளும் செய்தியாளர் சந்திப்புகளும் அப்படியே கிடைக்கின்றன. நாடாளுமன்றக் கேள்வி பதில்களும் உண்டு. தொலைக்காட்சி விவாதத்தை விடுங்கள், அதில் சத்தம்தான் மிச்சம்.

கிராம சபைக்குப் போங்கள். தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானப் புத்தகத்தில் என்ன எழுதுகிறார்கள், யார் பேசுகிறார்கள், யார் பேசாமல் நிற்கிறார்கள் என்று கவனியுங்கள். அதிகாரம் என்ற பாடத்துக்கு இதைவிட நல்ல செய்முறை வகுப்பு இல்லை.

அஞ்சல் வழியில் படிப்பவர்கள் மாவட்ட மைய நூலகத்தில் இரண்டு மூன்று பேராவது சேர்ந்து வாரம் ஒருநாள் ஒரு தலைப்பை வாதாடுங்கள். எதிர்த்துப் பேச ஆள் இல்லாமல் இந்தப் பாடம் மண்டையில் ஏறாது.

படி 9: அப்புறம் என்ன வேலை?

யுபிஎஸ்சி பற்றி எல்லாரும் சொல்வார்கள். அரசியல் அறிவியலும் சர்வதேச உறவுகளும் அங்கே விருப்பப் பாடம். தலா 250 மதிப்பெண்ணில் இரண்டு தாள், பொது அறிவுத் தாள்களுக்கும் உதவும். ஐஎஃப்எஸ், அதாவது இந்திய வெளியுறவுப் பணிக்கும் இதே தேர்வுதான். ஆனால் ஆண்டுக்கு எடுப்பது சில பத்துப் பேரைத்தான். அதை மட்டும் நம்பி ஐந்தாறு வருடத்தைத் தொலைக்காதீர்கள்.

பலருக்குத் தெரியாத ஒரு வாசல்: மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையமான எஸ்எஸ்சி பட்டதாரிகளுக்கு நடத்தும் சிஜிஎல் தேர்வில் வெளியுறவு அமைச்சகத்தின் உதவிப் பிரிவு அலுவலர் பணி இருக்கிறது. எந்தப் பட்டமும் போதும். டெல்லி அமைச்சகத்திலும் வெளிநாட்டுத் தூதரகங்களிலும் மாறி மாறி வேலை. தூதராக வேண்டாம், தூதரகத்தில் வேலை பார்த்தால் போதும் என்பவர்களுக்கு இது நேர் வழி.

மற்றவை சுருக்கமாக. முதுகலை முடித்து, தேசியத் தகுதித் தேர்வான நெட் தேறினால் கல்லூரி உதவிப் பேராசிரியர் வேலைக்குத் தகுதி. அதே தேர்வில் ஜேஆர்எஃப் எனும் ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முனைவர் பட்ட ஆய்வுக்கு மாதம் 37,000 ரூபாய். டிஎன்பிஎஸ்சி குரூப் 1, 2க்கு அரசியலமைப்புப் பாடம் அப்படியே கைகொடுக்கும். பி.ஏ.வுக்குப் பிறகு மூன்று வருட சட்டப்படிப்பு, அதற்கு இப்போது தருமபுரியிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. அரசியல் அறிவியலோடு சட்டம் சேர்ந்தால் நல்ல ஜோடி. செய்தி நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்கள், பெங்களூரில் கொள்கை ஆய்வு நிறுவனங்கள் எழுதத் தெரிந்தவர்களைத் தேடுகின்றன. ஓசூர், கிருஷ்ணகிரி ஏற்றுமதி நிறுவனங்களில் கிரானைட், ரோஜா, மின்னணுப் பாகம் எதுவானாலும் சுங்கவரியும் வணிக ஒப்பந்தமும் புரிந்த ஆள் வேண்டும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீது வரியை 50 விழுக்காடு வரை ஏற்றியபோது, எந்தப் பொருள் அதில் வரும், எது வராது என்று படித்துச் சொல்லும் ஆளின் மதிப்பு முதலாளிகளுக்குத் தெரிந்தது. அதற்கு அரசியலோடு கொஞ்சம் பொருளியலும் எக்ஸெலும் கற்றிருக்க வேண்டும்.

வெளிநாட்டில் முதுகலை என்றால் முழு உதவித்தொகை இல்லாமல் போக வேண்டாம். பிரிட்டனின் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டு வருட வேலை அனுபவம் கட்டாயம், அதனால் அது பட்டம் முடித்த உடனே எழுதுவதல்ல. தோட்டத்தை அடமானம் வைத்து லண்டன் போவது, இந்தத் துறையைப் பொறுத்தவரை, கட்டுப்படியாகாத வியாபாரம்.

ஒரு வருட அட்டவணை

நவம்பர், டிசம்பர்: வழியையும் பட்டத்தையும் முடிவு செய்து வீட்டில் பேசுங்கள். பிஎஸ்டிஎம் கணக்கையும் ஜேஎன்யூ கட்டணக் கணக்கையும் தாளில் எழுதியே காட்டுங்கள். வாய்ச்சொல்லுக்கு அப்பாக்கள் மசிவதில்லை.

ஜனவரி முதல் மார்ச்: க்யூட் விண்ணப்பம். என்டிஏ இணையதளத்தை வாரம் ஒருமுறை பாருங்கள். பொதுத்தேர்வுப் படிப்பை விட்டுவிடாதீர்கள், க்யூட்டில் வரும் பாடங்களும் அவைதான்.

ஏப்ரல்: ஓபிசி, வருமானச் சான்றிதழ்கள். என்சிஇஆர்டி விடுபட்ட பாடங்கள்.

மே, ஜூன்: க்யூட் தேர்வு. +2 முடிவு வந்ததும் டிஎன்காசா விண்ணப்பமும் போட்டுவிடுங்கள். டெல்லி கிடைக்குமா என்று தெரியும்வரை காத்திருந்தால் இங்கே இடம் நிரம்பிவிடும்.

ஜூலை, ஆகஸ்ட்: டெல்லிப் பல்கலைக்கழகத்தில் கல்லூரி விருப்பங்களை வரிசைப்படுத்தும்போது பத்தோடு நிறுத்தாமல் முடிந்தவரை நீளமாகக் கொடுங்கள், பெயர் தெரியாத கல்லூரிகளிலும் நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். எங்கும் கிடைக்கவில்லை என்றால் உள்ளூர்க் கல்லூரியில் வரலாறோ பொருளியலோ எடுத்துவிட்டு, முதுகலைக்கு க்யூட் பிஜி எழுதத் தயாராகலாம். அதற்கு முழுதாக மூன்று வருடம் இருக்கிறது.